ஐந்தாவது கட்டில்

சமையலறையில் இருந்தவர்கள், பெர்னா படிவத்தில் எழுதியபடி: லவினா ஹல்கெட், வயது ஐம்பத்திரண்டு. அவள் புருஷன் ஹோரஸ், ஏரியில் வலை போடுகிறவர். மகன் டெஸ்மண்ட், மகள் ஷான்டெல். நாய் ஒன்று. நாய்க்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வெளியே காரில் இருந்தவள்: ரெய்னா, வயது பதினாறு. லவினாவின் செத்துப்போன தங்கையின் மகள். ஐந்து வயதில் அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய் முன்பின் தெரியாதவர்கள் வீடுகளில் வளர்த்தது. பதினோரு வருஷமாக லவினா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில், போனால் போகிறது என்று வீட்டைப் பார்த்து வர ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்த ஆள்தான் பெர்னா. வீடு தேறினால் பெண்ணை விட்டுவிட்டு வரலாம். தேறாவிட்டால் திரும்ப ஐந்து மணி நேரம், அதே சேற்றுப் பாதை.

"நீயும் உள்ள வாயேன்" என்று பெர்னா கூப்பிட்டதற்கு ரெய்னா சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"முதல்ல நீங்க சரின்னு எழுதுங்க. அப்புறம் இறங்குறேன். நாலு வீட்ல இறங்கி ஏறியாச்சு."

லவினா தேநீர் ஊற்றினாள். கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

"நீ யாரோட மகம்மா?" என்று பெர்னாவைக் கேட்டாள்.

"அக்கரை எல்சியோட மக."

"பிங்கோல கள்ள ஆட்டம் ஆடுவாளே, அந்த எல்சியா?"

"ஆமாக்கா. இன்னும் ஆடுறாங்க."

"சரி, நம்ம ஆளுதான். கேளு."

"வீட்ல எத்தனை பேர்?"

"அஞ்சு."

பெர்னா நிமிர்ந்து எண்ணினாள். நாலு தலை. நாய் தன்னையும் பார்ப்பாள் என்று வாலை ஆட்டியது.

"கட்டில் எத்தனை?"

"அஞ்சு."

பேனா நின்றது. வருகிற பிள்ளைக்குக் காலியாக ஒரு கட்டில் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் 'இல்லை' விழுந்தால் மற்ற முப்பது கட்டத்தில் தேன் ஒழுகினாலும் பிரயோஜனம் இல்லை.

"ஒண்ணுகூட காலி இல்லையா அக்கா?"

"அஞ்சு பேரு, அஞ்சு கட்டிலு. ஆள் இருக்கிற கட்டில எதுக்குக் காலின்னு சொல்லணும்?"

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார் ஹோரஸ், மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே.

பெர்னா அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள். கெட்ட செய்தியைக் கடைசியில் சொல்வது அவள் வழக்கம்.

"வாசக்கதவுக்குப் பூட்டு இருக்கா?"

"இருக்கு. பூட்டுறதில்ல."

"ராத்திரியிலயுமா?"

"எங்க வீட்ல கடைசியா வர்ற ஆள்தான் பூட்டணும். ஒரு ஆள் இன்னும் வரல."

கதவருகே ஆணியில் சாவி தொங்கியது, துருப்பிடித்து. கீழே ஐந்து ஜோடி ரப்பர் பூட்ஸ். நாலு ஜோடியில் கணுக்கால் வரை சேறு. ஐந்தாவது ஜோடி சுத்தமாக இருந்தது. சுரங்க வேலைக்குப் போன ஆளாக இருக்கும் என்று பெர்னா நினைத்துக்கொண்டாள். விமானத்தில் கூட்டிப்போவார்கள், வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அப்படித்தான்.

தேநீரைப் பாதியில் வைத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கட்டில் காலி இல்லன்னா நான் 'முடியாது'ன்னுதான் எழுதணும். பிள்ளைய இப்பவே திரும்பக் கூட்டிட்டுப் போகணும்."

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். தன் சீட்டில் எண் விழாமலே ஜெயித்துவிட்டதாகப் பிங்கோ என்று கத்தியவளைப் பார்ப்பது போல.

"எல்சி பொண்ணு எண்ணத் தெரியாம வளந்திருக்கே" என்றாள் ஷான்டெல்.

"அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சீட்டையே கிழிச்சிருவா" என்றான் டெஸ்மண்ட்.

பெர்னாவுக்குச் சுருக்கென்றது. "சரி, அந்த அஞ்சாவது ஆள் எங்க? வீட்ல இருக்கிற எல்லாரையும் நான் நேர்ல பாக்கணும். அது விதி."

"அவ்வளவுதானே, இரு. கூப்பிடுறேன்."

லவினா கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளியே போனாள். பெர்னா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். லவினா பாதைப் பக்கமும் போகவில்லை, படகுத்துறைப் பக்கமும் போகவில்லை. நேரே காரை நோக்கி நடந்தாள்.

"அக்கா! முடிவாகுறதுக்கு முன்னாடி அவகிட்டப் பேசக் கூடாது!"

லவினாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கார்க் கண்ணாடியில் ஒரு விரலால் தட்டினாள். குனிந்து இரண்டு நிமிஷம் ஏதோ சொன்னாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. வீட்டையும் கதவையும் கையால் காட்டினாள்.

ரெய்னா சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஆறிப்போவுது, குடிம்மா" என்றார் ஹோரஸ்.

முதலில் லவினா உள்ளே வந்தாள். பின்னால் ரெய்னா. சேறு அப்பிய தன் செருப்பைக் கழற்றி, சுத்தமாக இருந்த அந்த பூட்ஸ் பக்கத்தில் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் துவாரத்தில் போட்டுத் திருப்பினாள். துரு விடவில்லை. தோளால் கதவை அழுத்திக்கொண்டு மூன்றாவது முறை திருப்பியதும் பூட்டு விழுந்தது.

"ரெய்னா, நான் இன்னும் சரின்னு எழுதவே இல்ல" என்றாள் பெர்னா. "எதுக்கு இப்பக் கதவப் பூட்டுற?"

"கடைசியா வர்ற ஆள்தான் பூட்டணுமாம்."