நானூறு கதிர்கள்

"ஏலே, மெஷினைப் பாக்காத. பொண்ணைப் பாரு," என்றாள் நாச்சியார், உதடு அசையாமல்.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"எதை?"

லிங்கேஸ்வரனின் கண் பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தின் பல்சக்கரத்தில் இருந்தது.

இராஜபாளையத்தில் மூடிப்போன பஞ்சாலை ஒன்றை மியூசியமாக்கியிருந்தார்கள். அங்கே சுற்றிக் காட்டும் வேலை நாகஜோதிக்கு. தரகர் சௌந்தரபாண்டியன்தான் யோசனை சொன்னார்: "வீட்டுக்கெல்லாம் போவேண்டாம். மியூசியம் பாக்க வந்த மாதிரிப் போங்க. இன்னைக்குக் கூட்டமும் இருக்காது. பொண்ணுக்குத் தெரியவே தெரியாது."

நாச்சியாருக்கு அது பிடித்துப்போயிற்று. இதுவரை மூன்று வீடுகளில் கேசரி சாப்பிட்டாகிவிட்டது. மூன்று பெண்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் இராணுவ ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். குறை என்று ஒன்றுமில்லை, வாயைத் திறக்க மாட்டான், அவ்வளவுதான். "மாப்பிள்ளை பேசுவாரா?" என்று மூன்றாவது வீட்டில் அவள் காதுபடவே கேட்டார்கள். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள். நான்காவது முறையும் முகத்துக்கு நேரே கேட்டுக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. பெண்ணுக்குத் தெரிந்தால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்?

நாகஜோதி அடுத்த கூடத்தின் விளக்குகளைப் போட்டாள்.

"கையை நீட்டுங்கம்மா."

இரண்டு கையும் கொள்ளும் அளவு பஞ்சை வைத்தாள். வைத்ததே தெரியவில்லை.

"இதை நூலாக்கினா எம்புட்டுத் தூரம் போகும், சொல்லுங்க."

"எம்புட்டு? அந்தச் செவுரு வரைக்கும் போகுமா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வரைக்கும் போகும்."

நாச்சியார் பஞ்சைப் பார்த்தாள். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் குலுங்கி வந்த பாதை முழுவதும் அவள் கைக்குள் இருந்தது. விரலை மூடவே பயமாக இருந்தது.

"நடுவுல அறாதா?" என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று திரும்பினாள். அவள் மகன்தான்.

"அறும். ஒட்டணும்," என்றாள் நாகஜோதி. "வாங்க, காட்டுறேன்."

மூன்றாவது கூடத்தில் ஒரே ஓர் இயந்திரம். இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தியது போல நீளம். இருபுறமும் சேர்த்து, நூலை முறுக்கிச் சுற்றும் நானூறு கதிர்கள். நாகஜோதி சுவிட்சை அழுத்தினாள்.

முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு தரை அதிர்ந்தது. அதிர்வு நாச்சியாரின் உள்ளங்காலில் ஏறி வளையல்களுக்கு வந்தது. நானூறு கதிர்களும் சுழன்றன. சுழல்வதே தெரியாத வேகம். நானூறு இழைகள் மேலிருந்து நேர்கோட்டில் இறங்கின, ஓசையோடு பெய்யும் வெள்ளை மழை போல. எதற்காக வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"எந்த வருசத்து மெஷின்?" என்று லிங்கேஸ்வரன் கத்தினான்.

"முப்பத்தெட்டு! கப்பல்ல தூத்துக்குடி வந்து, அங்கருந்து ரயில்ல!"

"பேரிங் மாத்துனதா?"

"ஒண்ணே ஒண்ணு!"

"யாரு மாத்துனா?"

"நான்தான்!"

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். இயந்திரத்தைப் பார்த்த அதே கண்ணால்.

ஓர் இழை அறுந்தது. நாகஜோதி கதிரை விரலால் நிறுத்தி, நூல் முனையை எடுத்து, மேலிருந்து வரும் பஞ்சில் தொட்டாள். ஒட்டிக்கொண்டது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு அதை வேண்டுமென்றே அறுத்தாள்.

"நீங்க ஒட்டுங்க."

அவன் ஒட்டினான். அறுந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி அறுந்தது. அவள் உதவவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆறாவது தடவையும் அறுந்தபோது நாச்சியாருக்கு உடம்பு கூசியது.

"விட்டுருலே. அந்தப் பிள்ளைக்கு வேற சோலி இருக்கும்."

"இரும்மா. செத்த நேரம்."

ஒன்பதாவது தடவை இழை அறாமல் நின்றது. லிங்கேஸ்வரன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நாச்சியார் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

இயந்திரம் ஓய்ந்தது. வெளியே வந்ததும் நாச்சியார் அவன் காதோரம் கேட்டாள்.

"எப்படிலே?"

"முப்பத்தெட்டுல செஞ்சதும்மா. இன்னும் ஓடுது!"

"நான் பொண்ணைக் கேட்டேன்."

அவன் விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"அவியளுக்குப் பிடிக்கணுமேம்மா."

"அவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே. பொறவு பாத்துக்கிடலாம்."

நாச்சியார் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். "நல்லாச் சுத்திக் காட்டுன, தாயி. பக்கத்து ஊர்ல இப்படி ஒரு அதிசயம் இருக்கதே தெரியாது. இன்னொரு நாள் வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்க வாரோம்."

நாகஜோதி பெரிய இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"இங்க வேண்டாம், வீட்டுக்கு வாங்க அத்தை," என்றாள். "இன்னைக்கு மியூசியம் லீவு. உங்களை இன்னைக்குன்னு பாத்து அனுப்பச் சொல்லி தரகர்கிட்ட சொன்னதே நான்தான்."