எங்கும் சேராத நாலு வரி

பக்கத்து இருக்கையில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தார்.

அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐம்பது வயதிருக்கும். கூச்சத்தோடு அவரே கேட்டார். "லேடீஸ் பக்கத்துல எனக்கு எப்படிம்மா சீட் குடுத்தான்?"

எப்படிக் கொடுத்தான் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தவள் அவள்தான்.

இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் விற்கும் இணையதளத்தில்தான் வேலை பார்க்கிறாள். அதன் நிரலில் 'புக்கிங்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு பகுதி, இருந்தது. இருக்கை, பயணி, கட்டணம், ரத்து, எஸ்எம்எஸ் என்று எல்லாவற்றுக்குமான நிரலையும் அந்த ஒன்றுக்குள்ளேயே திணித்து வைத்திருந்தார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். டீமில் ஒருவரும் அதன் பக்கம் போகமாட்டார்கள்.

அவள் போனாள். யாரும் சொல்லாமலே போனாள். திமிர்தான்.

இருக்கைக்கு ஒரு கிளாஸ், பயணிக்கு ஒரு கிளாஸ், கட்டணத்துக்குத் தனியாக ஒன்று. பிரிக்கப் பிரிக்க, பரண் ஒழித்த மாதிரி மூச்சு விட முடிந்தது.

பழைய நிரலில் நாலு வரி மட்டும் மிச்சம் நின்றது.

தனியாகப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையைப் பெண்ணுக்குத்தான் தர வேண்டும். அந்த நாலு வரி சொன்னது அவ்வளவுதான். பாதி இருக்கையைப் பற்றியது, பாதி பயணியைப் பற்றியது. எந்தக் கிளாஸில் வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக எடுத்து வைத்தாள்.

அப்புறம் மறந்துபோனாள்.

நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. அந்த நாலு வரிக்கு யாரும் சோதனையே எழுதியிருக்கவில்லை. இன்று மதியம் புதிய நிரல் தளத்தில் ஏறியது. டீம் லீட் சேவியர் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் டிக்கெட் எடுத்தது காலையில். இவர் எடுத்தது மதியத்துக்கு மேலாகத்தான் இருக்கும்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. எழுந்து நின்றாள்.

இரண்டு வரிசை முன்னால் ஒரு கல்லூரிப் பெண் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருவன், காலை நன்றாக அகட்டிக்கொண்டு. அந்தப் பெண்ணின் பையும் மடியில் இருந்தது. இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு. ஊருக்குப் போகும் கூட்டம். இதே தளத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு எத்தனை பஸ்ஸில் எத்தனை பேரோ.



சேவியருக்குப் போன் போட்டாள்.

"பழைய கிளாஸையே திரும்ப ஏத்திடுங்க. இப்பவே."

"எது? ஒரு மாசமா நீ உக்காந்து உடைச்சியே, அதையா?"

"அந்தக் குப்பையையேதான். லேடீஸ் சீட் செக்கிங்க விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு மாத உழைப்பு போயிற்று. போகட்டும். இனிமேல் எடுக்கும் டிக்கெட்டுகள் சரியாகிவிடும். ஏற்கெனவே எடுத்தது எடுத்ததுதான்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். காலை அகட்டியிருந்தவனிடம் தன் இருக்கையைக் காட்டி மாறிக்கொள்ளச் சொன்னாள். அவன் முனகிக்கொண்டே எழுந்து போனான்.

அவள் உட்கார்ந்ததும் பஸ் நகர்ந்தது.

கல்லூரிப் பெண் பையை மடியிலிருந்து காலடிக்கு இறக்கினாள்.

"தேங்க்ஸ்க்கா. எந்த லூசு இந்த சைட்ட செஞ்சுச்சோ."

அவள் தலையாட்டினாள்.

சிக்னலில் இன்னொரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்தை நீட்டி அதன் ஜன்னல்களைப் பார்த்தாள். யார் மடியிலாவது பை இருக்கிறதா என்று.