மாஸ்டர் கேட்டது

மிஷின் அலறியது.

சாயப்பட்டறை லேபில் அவள் கை உதறியது. ஒரு துளி கூடுதலாக விழுந்து, குடுவை முழுக்க ரோஸ் நிறமானது. அரை மணி நேரச் சோதனை வீண்.

நாலு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். இன்னும் பழகவில்லை.

தொட்டியில் சாயம் ஏறி முடிந்துவிட்டது என்று அர்த்தம். நானூறு கிலோ பனியன் துணி. மெரூன்.

கையகலத் துண்டு ஒன்று லேபுக்கு வந்தது. அலசினாள். இஸ்திரி போட்டு உலர்த்தினாள். கலர் பார்க்கும் கருவிக்குள் வைத்தாள்.

திரையில் பச்சை எழுத்து. பாஸ்.

கையெழுத்துப் போடுவதற்குள் செங்கோடன் மாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர். பத்து நகக்கண்ணிலும் நீலம். துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"சூடு ஆறலீங்க மேடம்."

வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். காத்திருந்தார்.

அவளும் காத்திருந்தாள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே.

துணி ஆற ஆற, நிறம் மங்கியது.

"துளி சிவப்பு வேணுமுங்க."

அந்தப் பக்கமாக வந்த முதலாளி அவளைக் கேட்கவில்லை. கருவியைப் பார்க்கவில்லை. "மாஸ்டர் சொன்னாப் போட்டுருங்கப்பா" என்று போனைக் காதில் வைத்தபடியே போய்விட்டார்.

போட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த துண்டு வந்தது. ஆறவிட்டுப் பார்த்தாள். ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய சாம்பிளும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள்.

சூடான துணியின் நிறத்தை நம்பக்கூடாது. அவளுக்கும் தெரியும். படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியிருக்கிறாள், அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அவருக்கு அது கன்னத்தில் இருந்தது.

அவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. யுனிவர்சிட்டியில் இரண்டாம் ரேங்க்.

அந்த ஐந்து வருஷப் படிப்புக்காக அப்பா நாலு தறியில் இரண்டை விற்றார். மீதி இரண்டில்தான் வீடு ஓடுகிறது.

மாஸ்டரின் சம்பளம் அவளுடையதைப் போல மூன்று மடங்கு. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் அவருக்கு முன்வரிசை. அவளுக்கான பத்திரிகை லேப் மேஜையில் கிடந்தது. உறையில் பெயர் எழுதாமல்.

டீ வந்தது.

மாஸ்டரும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு. லேபுக்குள் வரும்போதெல்லாம் அப்படித்தான். கிண்டல் செய்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"என்ற புள்ளைக்கு கவர்மென்ட் காலேஜ்ல எடம் கெடைச்சிருச்சுங்க. உங்க படிப்பேதான். கெமிஸ்ட்ரி."

போனில் படத்தைக் காட்டினார். மௌனிகா. கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரிந்த முகம்.

"ஊட்டுக்காரி பி.காம்ல போடுங்கறா. இதுன்னா அஞ்சு வருஷம் இழுக்கும், ஹாஸ்டல் வேற, முடிச்சுப்போட்டு என்னத்தைக் கிழிக்கப்போறாங்கறா. சாயங்காலத்துக்குள்ள பீஸ் கட்டோணுமுங்க. நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னாச் சரி."

அவள் படத்தையே பார்த்தாள்.

இவளுக்காக யாரும் தறி விற்க வேண்டியதில்லை.

அப்பாவின் கண் இவளுக்கு இருக்கும். போதாதென்று பட்டமும் வந்து சேரும். ஒருநாள் இதே லேபில், இதே நாற்காலியில் வந்து உட்காருவாள். முதலாளி இவளைக் கேட்பார்.



வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. பொய்யும் இல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் கையில் இருக்கிறது. அவள் மாதச் சம்பளம், பதினெட்டாயிரம்.

ஆனால் அந்தத் தொகையை இவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த நீல நகங்களுக்கு முன்னால்.

"தாராளமாச் சேருங்க மாஸ்டர்" என்றாள். "எனக்கே முப்பத்தஞ்சாயிரம் வருது."

சொன்னதும் காது மடல் சுட்டது.

அவர் டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் சின்னதாகிப் போவார் என்றும். இரண்டும் நடக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து அந்தக் கண்ணாடிப் பெண் எங்கேயோ ஒரு பட்டறையில், பதினெட்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுவாள். போடும்போது, அப்பாவிடம் முப்பத்தைந்து என்று சொன்னவளை நினைப்பாள்.

திருத்திவிட வேண்டும். இப்போதே.

டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சம்பளம் எனக்குத் தெரியுமுங்க மேடம், போன தீவாளிக்கு உங்களுக்கு ரெண்டாயிரம் ஏத்தச் சொன்னதே நான்தானுங்க. நாங் கேக்க வந்தது, அந்தப் படிப்பப் படிக்கறப்ப உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சுங்களான்னு."