மட்டன் றோல்ஸில் ஸ்ரோபெரி

மட்டன் றோல்ஸில் ஸ்ரோபெரி மணக்கிறது என்று ஓடர் எடுத்த ஓர் அம்மா ஹவுன்ஸ்லோவிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது டொலறஸுக்கு வந்த கொதி கொஞ்சநஞ்சமில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

மேர்வின் மேசையில் றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றியதைத் தட்டில் வைத்துவிட்டு, மேற்சட்டைப் பையிலிருந்து பற்றரியில் புகைகிற ஸ்ரோபெரி வாச வேப் குழாயை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். வெள்ளைப் புகை றஸ்க் தூள் தட்டுக்கு மேலால் நிதானமாகப் போனது.

அதுவும் எங்கே நின்று? சுவரில் மாட்டியிருந்த மடு மாதா படத்துக்கு நேர் முன்னால்.

ஒளித்து இழுத்தாலாவது ஒரு மரியாதை இருக்கும். இவன் மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுப்பான்.

ஜெர்மனியில் இருபது வருடம் மற்றவர்களுடைய சமையலறைகளில் வெந்து, லண்டனில் ஸ்ட்ரெதமுக்கு வந்து சொந்தமாகத் தொடங்கிய தொழில் இது. ஒரு பழவாசத்தால் பெயர் கெடுவதற்கா இத்தனை பாடு?

ஒரு மாதமாக இதே இழுபறிதான். பொரிக்கிற அஜித்தா, அதுவும் சிகரெட்தான், தனக்கு இருமல் வருகிறது, நிறுத்தாவிட்டால் தான் நின்றுவிடுவேன் என்கிறாள். மேர்வினோ தலையை ஆட்டி ஆட்டி ஒரே பாட்டைப் பாடுகிறான்.

"இது சிகரெட் இல்லை அக்கா. வெறும் ஆவி. புட்டுப் பானையிலயிருந்து வாறமாதிரி."

புட்டுப் பானை யாருக்கு நிக்கோட்டின் கொடுத்தது? சட்டத்தைக் கேட்டால், அது முதலாளி பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயமாம். எல்லாம் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விடியும்.

முன்பு இவன் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதியவன். பின்வளவில் நின்று ஊதிவிட்டு வருவான், கரைச்சல் இல்லை. போன வருடம்தான் திடீரென்று இந்தச் சனியனுக்கு மாறினான். யாரோ டொக்டர் வெருட்டியிருப்பார் என்று டொலறஸ் நினைத்திருந்தாள்.

போன வருடத்தை நினைத்தால் அவளுக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

அவள் ஒப்பறேசனுக்குப் படுத்திருந்தபோது அஜித்தா சூப் கொண்டுவந்தாள். கோயில் பங்குச் சனமெல்லாம் மாறி மாறி வந்து செபமாலை சொன்னது. மேர்வின் மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஓடர் ஒன்றும் தவறவிடாமல் வேலையைப் பார்த்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள் உயிர் பிழைத்துத் திரும்பி வந்த அன்று அவன் சொன்னது, "வந்திட்டியளோ அக்கா, றஸ்க் தூள் முடிஞ்சுது" என்பதுதான்.

புதன்கிழமை மறுபடி ஸ்கேன். வெட்டி எடுத்த கட்டி திரும்பவும் முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். அந்தப் பயத்தில் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. இதற்குள் இவனுடைய ஸ்ரோபெரி வேறு.

போதும் என்று நினைத்தாள். ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, தடித்த பேனையால் இரண்டு வரி எழுதினாள்.

வேப்பும் சிகரெட்தான்.

சமையலறைக்குள் இழுக்கக்கூடாது.

கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினாள். அஜித்தா அடுப்பிலிருந்த பொரிதாச்சியை விட்டு வந்து வாசித்து, வெற்றிச் சிரிப்போடு திரும்பிப் போனாள்.

மேர்வின் மாவுக் கையோடு வந்தான். வாசித்தான். முகம் செத்துப்போயிற்று.

சண்டைக்கு வரப்போகிறான் என்று டொலறஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவனோ, இனி உள்ளே இழுக்கமாட்டேன், மழையோ பனியோ பின்வளவுக்கே போகிறேன், மேல் வரியை மட்டும் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினான்.

தடையை ஒத்துக்கொள்கிறானாம், காரணத்தை ஒத்துக்கொள்ளமாட்டானாம்! இப்படியொரு விசரனை வைத்துக்கொண்டு மனுசர் தொழில் செய்யலாமா?

"அந்த வரி உனக்கு என்னடா செய்யுது?"

மேர்வின் மாவுக் கைகளை மேலங்கியில் துடைத்தான். ஒருமுறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தான்.

"நீங்கள் ஒப்பறேசன் தியேட்டருக்குள்ள இருக்கேக்க மாதாவுக்கு நேந்தனான் அக்கா. உங்களைத் திருப்பித் தந்தால் சாகுமட்டும் சிகரெட் தொடமாட்டன் எண்டு. வந்து பாக்கத்தான் எனக்குத் தைரியம் வரேல்லை. இதையும் சிகரெட் எண்டு நீங்களே எழுதி ஒட்டினால்..."

பயத்தோடு மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

டொலறஸுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்தியது. ஒரு வருடமாக அவளுடைய உயிரை இந்த ஸ்ரோபெரிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், பாவி! நேருகிறவன் ஒழுங்காக நேரக்கூடாதா? இரண்டையும் விடுகிறேன் என்று சொன்னால் வாய் வலித்திருக்குமா?

பிறகு புதன்கிழமை ஞாபகம் வந்தது.

மட்டையை இழுத்துக் கழற்றினாள். மேல் வரியைக் கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்து, குப்பைவாளியில் போட்டு மூடியை அழுத்தினாள். கீழ் வரியை மட்டும் திரும்ப ஒட்டினாள்.

அஜித்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அப்போ வேப் சிகரெட் இல்லையா என்று கேட்டாள்.

"இல்லையடி, அது வெறும் ஆவி. புட்டுப் பானையிலயிருந்து வாறமாதிரி."

அதை அவள் அஜித்தாவைப் பார்த்துச் சொல்லவில்லை. மாதா படத்தைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.