துண்டுக்குள் விலை

கெலமங்கலம் சந்தைக்குக் காளையை ஓட்டிவரும்போதே கங்கப்பன் அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

“வெல மட்டும்தான் கேக்கலாம். விக்க மாட்டேன். நாளைக்கு எருது விடற திருவிழாவுல இதோட ஓடணும்.”

“உங்கண்ணனும் போன வருஷம் இப்படித்தான்டா ஓடுனான். இருவது வயசுல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வுழுந்தவன் எந்திரிக்கவே இல்ல. ஒருக்கா வைத்தியருகிட்ட காட்டுடா.”

“அவனுக்குக் கண்ணு பட்டுச்சு. கல்லாட்டம் இருக்கற எனக்கு எதுக்கு வைத்தியன்?”

அம்மா கெம்பம்மா காளையின் பின்னாலேயே நடந்தாள்.

சந்தையில் ஒரு பெரியவர் வந்து, துண்டைப் போட்டு மூடி அவன் கையைப் பிடித்தார். அடுத்தவர் அறியாமல் விரலை அழுத்தி விலை சொல்வதுதான் மாட்டு வியாபாரம். இவரோ விரலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“யோவ், வெரலத் தொடு! இதென்ன, புதுசா வந்த நயா பைசாக் கணக்கா?”

பெரியவர் மற்றக் கையையும் கேட்டு வாங்கினார். ஒரு கையில் அடங்காத விலை போலிருக்கிறது என்று கங்கப்பன் மார்பை நிமிர்த்தினான்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு கெம்பம்மா பக்கம் திரும்பினார். “மாடு ஓடட்டும்மா. பையன் ஓடக் கூடாது. நாடி நடுநடுவுல நின்னு நின்னு போவுது.”

“நான் பயந்தது சரியாப் போச்சுங்களே, வைத்தியரய்யா!”

கங்கப்பன் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தான். வாய் மட்டும் அடங்கவில்லை.

“மாட்டு யாவாரின்னா மொதல்ல பல்லப் பாத்திருப்பான். எனக்கு அப்பவே தோணியிருக்கணும்.”

“அதையும் பாத்துடலாம். வாயத் தொற.”

அவன் திறந்தான். விற்காத காளையின் கயிறு அதற்குள் அம்மாவின் கைக்கு மாறியிருந்தது.