இருக்கறதிலேயே பெருசு

தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டுக்கான கூடைகளை, அல்சூர் விளையாட்டுச் சாமான் கடையில், கல்யாணப் புடவை எடுப்பவர்போல ஒன்றுவிடாமல் பார்த்தார் அறுபது வயது சுகுமாரன்.

“எங்கே வைக்கப் போறீங்க சார்?” என்றான் கடைக்காரன் கிரண்.

“வீட்டுக்குப் பின்னாடி. ஒரு தட்டுகூடக் குறி தப்பக் கூடாதுப்பா. தப்பினா என் வயிறு எரியுது.”

கிரணுக்குப் புல்லரித்தது. “இந்த வயசுல என்ன வெறி சார்! தினமும் பிராக்டீஸா?”

“காலையில ஒரு மணி நேரம். ஞாயித்துக்கிழமைன்னா நாள் பூரா.”

“அப்போ இந்தச் சின்னக் கூடை எடுங்க. சின்னதுல போட்டுப் பழகினாத்தான் சாம்பியன் ஆகலாம்.”

“ஐயோ, வேண்டாம்! இருக்கறதிலேயே பெருசைக் கொடு. சாம்பியன் ஆகப்போறவன் எங்க மேல்வீட்டுல இருக்கான். அவன் மொட்டைமாடியிலேருந்து எறியறதெல்லாம் என் அவரைப் பந்தல்லதான் விழுது!”