பச்சை கேட் வீடு

“அந்த மூலையில இன்னும் ஒரு இலை இருக்கு பாருங்க.”

ஊரார் ‘உறிஞ்சி’ என்று அழைக்கும் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு வேக்குவம் குழாயை நான்காவது முறையாக அதே மூலைக்கு நீட்டினான். கூரையோர வடிகால், அவன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாகிவிட்டது.

“அம்மா, குழாய் நுனியில கேமரா இருக்கு. திரையைப் பாருங்க, ஒண்ணுமே இல்ல.”

“கேமரா பொய் சொல்லும். இன்னொரு இழுப்பு இழுங்க.”

காலையில் பச்சை கேட் முன்னால் நின்று, “வாங்க வாங்க, இதுக்குத்தான் மூணு வருஷமா காத்திருக்கேன்” என்று வரவேற்ற வாய் இது. கோபத்தை விழுங்கித்தான் ஆக வேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவி ஆயிற்றே! அவருக்குப் பிடித்தால்தான் தெருவின் நாற்பது வீட்டு வேலையும் கிடைக்கும். புதுத் தொழில் பிழைக்கும்.

அவன் கைப்பேசி அடித்தது. பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கும்படி ஒரு பெண் கத்தினார்.

“எட்டு மணிக்கு வர்றேன்னீங்க, பத்தாச்சு! நான் சொன்ன பச்சை கேட் தெருமுனையில. சங்கத் தலைவி வாசல்லயே நிக்கணுமா?”

உறிஞ்சி வேக்குவத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினான். “அப்போ... நீங்க யாரும்மா?”

“நானா? பக்கத்து வீடு. மழை பெஞ்சா இந்தக் கூரைத் தண்ணி பூரா என் சுவத்துலதான் விழும். வீட்டுக்காரங்க ஊர்ல இருந்தாத்தானே சொல்ல! போனைக் குடுங்க.”

தொழில் போயிற்று என்று நினைத்தபடி கொடுத்தான்.

“அக்கா, நான்தான். ஆளு வீடு மாறி வந்துட்டாரு. ஆனா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.”

மறுமுனைக் குரல் உறிஞ்சிக்கும் கேட்டது.

“எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கிற நீயா சொல்றே? அப்போ நாற்பது வீட்டையும் அவருக்கே குடுத்துடலாம்!”

போனைத் திருப்பிக் கொடுத்தவர், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“சரி, இப்பவாவது அந்த இலையை எடுங்க.”